வீடியோ ஃபோனும் வீட்டு ரவுட்டரும்: வாசகர் கேள்வி-பதில்

வீடியோ ஃபோன் தொடர்பான கடிதங்கள் சேர்ந்துபோயிருப்பதால் இம்முறை பகுதி முழுவதும் அவற்றுக்கே. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நியூ ஜெர்ஸியில் இருக்கும் மகள் ஒரே மாதிரி இரண்டு வீடியோ ஃபோன்கள் வாங்கி, ஒன்றை எங்களுக்கு அனுப்பினாள். நாங்கள் அழைத்தால் அங்கே மணி அடிக்கிறது. எங்கள் முகம் அவளுக்குத் தெரிகிறது. எங்கள் திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அவள் அழைத்தால் இங்கே மணியே அடிப்பதில்லை. சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடைக்காரர், 4,500 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அழகாபுரம்)

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் ரவுட்டர் பழுதானதற்கானவை அல்ல. அது தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதற்கானவை.

இணைய நிறுவனம் வீட்டுக்குத் தருவது வழக்கமாக ஒரே ஒரு முகவரிதான். அதைக் கைப்பேசி, டிவி, வீடியோ ஃபோன் அனைத்துக்கும் பகிர்ந்து கொடுப்பது ரவுட்டர். உள்ளிருந்து வெளியே போகும் அழைப்புக்கு அது தானாக வழிவிடும். வெளியிலிருந்து முன்னறிவிப்பின்றி வருவதை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாததால் ஓசையின்றித் தள்ளிவிடும். மகளின் அழைப்புக்கு மணி அடிக்காதது இதனால்தான். படம் வராததற்கும் இதே காரணம்: அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாகவும், படமும் குரலும் வேறு போர்ட்டுகள் வழியாகவும் பயணம் செய்கின்றன. அதோடு, "எனக்குப் படத்தை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று உங்கள் ஃபோன் மகளின் ஃபோனுக்குச் சொல்லும்போது, 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுகிறது. ஊர்ப்பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் எழுதிய கடிதம் நியூ ஜெர்ஸியிலிருந்து அழகாபுரம் வந்து சேராது அல்லவா?

செய்ய வேண்டியவை இவை. முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வீடியோ ஃபோனுக்கு மாறாத ஒரு வீட்டு முகவரியை ஒதுக்குங்கள். இதை "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்று போட்டிருப்பார்கள். இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்தால், ஒரு மின்தடைக்குப் பிறகு ஃபோனுக்கு வேறு முகவரி வந்து பட்ட பாடெல்லாம் வீணாகும். அடுத்து, ஃபோனுடன் வந்த கையேட்டில் அது எச்.323 வகையா, எஸ்.ஐ.பி. வகையா என்று பாருங்கள் (இரண்டும் அழைப்பை இணைக்கும் முறைகள்). எச்.323 என்றால் அழைப்புக்கான போர்ட் டி.சி.பி. வகையில் 1720, எஸ்.ஐ.பி. என்றால் பெரும்பாலும் யு.டி.பி. வகையில் 5060. படத்துக்கும் குரலுக்குமான போர்ட் வரிசை ஃபோனின் மெனுவிலேயே இருக்கும். இவற்றை "போர்ட் ஃபார்வர்டிங்" பக்கத்தில் அந்த வீட்டு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். ஃபோன் மெனுவில் வெளி முகவரியை (இணைய நிறுவனம் வீட்டுக்குத் தந்ததை) குறிப்பிட இடமிருந்தால் அதையும் நிரப்புங்கள்.

இன்னும் ஒன்று உண்டு. ரவுட்டரில் "எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி." என்றொரு வசதி இருக்கும். ஃபோன் கொடுக்கும் முகவரியைத் திருத்தி அனுப்புவதற்காக வைத்தது. பல ரவுட்டர்களில் அது திருத்துகிறேன் என்று கெடுக்கிறது. அதை அணைத்துப் பாருங்கள். சில வீடுகளில் அதை அணைத்தவுடனேயே படம் வந்துவிடும், மீதி எதுவும் தேவைப்படாது. இவ்வளவும் செய்த பிறகும் மணி அடிக்கவில்லை என்றால், கொலுசு வியாபாரிக்குக் கீழே எழுதியிருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வீடியோ ஃபோனைச் சொருகியவுடன் புகை வந்து அணைந்துவிட்டது. வாரன்டி கிடைக்குமா? (சூரமங்கலம்)

பதில்: கிடைக்காது. அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். அடாப்டரின் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். எரிந்தது அடாப்டர் மட்டுமாகவும் இருக்கலாம். அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனை அமைப்புள்ள அடாப்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: செவ்வாய்பேட்டையில் சிறிய அளவில் வெள்ளிக் கொலுசு செய்து விற்கிறேன். வெளியூர் கடைக்காரர்களுக்குப் புது வடிவங்களைக் காட்ட வீடியோ ஃபோன் வைத்தேன். நிலையான ஐ.பி. முகவரி வேண்டும் என்று சொன்னதால் ஓராண்டாக இணைய நிறுவனத்துக்கு மாதந்தோறும் கூடுதல் கட்டணம் கட்டுகிறேன். பில்லில் அதைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள். போர்ட் எல்லாம் திறந்தும் வெளியிலிருந்து அழைப்பு வரவில்லை. ரவுட்டரில் 100.72 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "உங்கள் ஃபோன்தான் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதில்: ஐயா, உங்கள் ஃபோன் சரியாகவே இருக்கக்கூடும். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ஒரு எண்ணே அதற்குச் சாட்சி.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பழைய முறை இணைய முகவரிகள் உலகுக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை எப்போதோ தட்டுப்பாடாகிவிட்டன. அதனால் இணைய நிறுவனங்கள், வீட்டில் ரவுட்டர் செய்யும் அதே பங்கீட்டைத் தங்கள் நிலையத்திலும் செய்து, ஒரே பொது முகவரியின் பின்னால் பல வீடுகளை அடுக்கி வைக்கின்றன. சி.ஜி.நாட் என்பார்கள். இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண் வரிசைதான் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள். உங்கள் 100.72 அதற்குள் வருகிறது. அதாவது உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும், அதற்கு மேலே நிறுவனத்தின் நிலையத்தில் ஒரு பூட்டு தொங்குகிறது. அதன் சாவி உங்களிடம் இல்லை.

தட்டுப்பாடு உண்மை என்பதால் சி.ஜி.நாட் வைத்ததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் குறை, அதை விற்கும்போது சொல்லாமல் மறைப்பது பற்றி. இணைப்பு கொடுக்க வருபவர் 100 எம்.பி., 200 எம்.பி. என்று வேகத்தை மட்டும் முழங்குவார். வெளியிலிருந்து வீட்டுக்குள் அழைப்பு வருமா என்று கேட்டால் ரவுட்டரைக் கை காட்டுவார். ரவுட்டர் கடைக்காரர் இன்னும் விலை கூடிய ரவுட்டரைக் காட்டுவார். நான்கு ஆன்டெனா முளைத்த ஒன்றை நானும் இப்படித்தான் வாங்கினேன், அலமாரியில் இருக்கிறது. கோளாறு இணைப்பில் இருக்கும்போது அதை ரவுட்டரால் தீர்க்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ள நிபுணர் தேவையில்லை: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் "வான் ஐ.பி." (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று காட்டும் எண்ணையும், "என் ஐ.பி. என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரவுட்டரிலேயே வேலை முடியும். வேறாக இருந்து, ரவுட்டரில் 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் நிறுவனம் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது என்று பொருள். அதை "பிரிட்ஜ்" நிலைக்கு (பங்கீடு செய்யாமல் அப்படியே கடத்தும் நிலை) மாற்றித் தரச் சொல்லிவிட்டு மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 100.64 வரிசை என்றால் நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்குவதே வழி. அல்லது, ஃபோன் ஒரு எஸ்.ஐ.பி. சேவையகத்தில் தானே பதிவு செய்துகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். அவ்வகையில் ஃபோனே உள்ளிருந்து தொடர்பைத் திறந்து வைத்திருப்பதால் போர்ட் திறக்கும் வேலை பெரும்பாலும் இல்லை.

நீங்கள் நிலையான பொது முகவரிக்குப் பணம் கட்டியும் கிடைக்காதவர். ரவுட்டர் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, 12 மாத பில்லையும் சேர்த்து, நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அங்கு தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று யாராவது பயமுறுத்தினால், முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துவிட்டது என்று சொல்லுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். "வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர்" என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் இது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: வீடியோ ஃபோனை டி.எம்.இசட்.-இல் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்குத் திருப்பும் ரவுட்டர் வசதி) போட்டால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்கிறார் நண்பர். (கொண்டலாம்பட்டி)

பதில்: போர்ட் பிரச்சினை தீரும், சி.ஜி.நாட் பூட்டு திறக்காது. கூடவே அந்த ஃபோனின் எல்லாப் போர்ட்டுகளும் ஊருக்கே திறந்து கிடக்கும். கோளாறு போர்ட்டில்தானா என்று அறியப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னால் ஃபோனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காபித் தோட்டம். ஃபைபர் இணைப்பு அலுவலகக் கட்டடத்தில் இருக்கிறது. வீடு அங்கிருந்து 70 மீட்டர் இருக்கும், கல் சுவர். வீடியோ ஃபோனில் படம் உறைந்து உறைந்து வருகிறது. வைஃபை எக்ஸ்டெண்டர் இரண்டு வாங்கி வைத்தும் பயனில்லை. மூன்றாவது வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டாவதையே வாங்கியிருக்க வேண்டாம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒவ்வொன்றும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கும். சில்வர் ஓக் மரங்களையும் கல் சுவரையும் தாண்டி வரும் மிச்சத்தில் நேரலைப் படம் ஓடாது. திரைப்படம் ஓடுகிறதே என்பீர்கள். அது முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஓடுவது. எதிரில் இருப்பவரின் முகத்தை முன்கூட்டிச் சேமிக்க முடியாது.

கம்பி இழுங்கள். செப்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் வரை கணக்கு உண்டு என்பதால் 70 மீட்டர் பிரச்சினை இல்லை. ஆனால் மலையில் சித்திரை, வைகாசி இடிமழையை நினைத்தால், இரு கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் செப்புக் கம்பி போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்னல் அருகில் விழுந்தாலே அதில் ஏறும் மின்னழுத்தம் இரண்டு முனைக் கருவிகளையும் கொன்றுவிடும். உலோகக் கம்பி சேராத ஃபைபர் கேபிளும், இரு முனைகளிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரையும் செப்பு நெட்வொர்க் கேபிளையும் இணைக்கும் பெட்டி) போடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது.

கட்டடத்துக்குள் இழுக்கும் செப்புக் கேபிளிலும் எச்சரிக்கை தேவை. 305 மீட்டர் பெட்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்கினேன். நுனியைப் பிளேடால் சுரண்டியபோது மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியத்துக்குச் செப்பு முலாம். அது சுலபமாக ஒடியும், மின்தடை கூடுதல், கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் ஃபோன்கள் அதில் அடிக்கடி அணைந்து எழும். கடையிலேயே ஒரு நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

கேள்வி: நானும் கணவரும் காது கேளாதவர்கள், சைகை மொழியில் பேசுவோம். அமெரிக்காவில் காது கேளாதோர் பயன்படுத்தும் வீடியோ ஃபோன் என்று இணையக் கடை ஒன்றில் 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். இந்தியாவில் அப்படியே வேலை செய்யும் என்று விளம்பரத்தில் இருந்தது. இயக்கினால் பதிவு எண் கேட்டு நிற்கிறது. விற்றவர் ரவுட்டரைச் சரிசெய்யச் சொல்கிறார். (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: அம்மா, ரவுட்டரைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் காது கேளாதோருக்கென அரசு ஏற்பாட்டில் நடக்கும் காணொளி இடைத்தொடர்புச் சேவைக்கான (சைகை மொழிபெயர்ப்பாளர் நடுவிலிருந்து பேச்சை மாற்றித் தருவது) கருவி அது. அந்நாட்டில் வசித்துப் பதிவு செய்துகொண்ட பயனாளருக்காகச் சேவை நிறுவனங்கள் கொடுப்பது. அந்தப் பதிவு இங்கே கிடைக்காது. விற்றவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரப் பக்கத்தை, அது மறைவதற்குள், இன்றே படமெடுத்து வையுங்கள். மின்வணிக விதிகள் 2020-இன்படி இணையக் கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915-இல் பேச வேண்டியதில்லை; அந்த உதவி மையத்தின் இணையதளத்தில் எழுத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே நுகர்வோர் வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பணம் திரும்பி வரும் வரை பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பணம் வந்ததும், உறவினர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் காணொளிச் செயலி ஓடும் பெரிய டேப்லெட் ஒன்றை வாங்குங்கள். சைகைக்குப் படத்தின் நுணுக்கத்தை விட நொடிக்கு எத்தனை சட்டகம் என்பதே முக்கியம். சட்டகம் குறைந்தால் விரல்கள் மங்கி, சொல்லே மாறிவிடும். எனவே இணைப்பு விற்பவர் சொல்லும் இறக்க (டவுன்லோட்) வேகத்தை விட்டுவிட்டு ஏற்ற (அப்லோட்) வேகத்தைக் கேளுங்கள். உங்கள் கைகளை எதிரில் இருப்பவருக்குக் கொண்டுபோவது அதுதான். டேப்லெட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வையுங்கள்; விளக்கு முதுகுப் பக்கம் வேண்டாம், முகத்தின் பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் எழுத்து போகிறது, காணொளி அழைப்பு மட்டும் இணைவதில்லை. அம்மாபேட்டையில் கேட்டால் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: தடை அங்கே இருக்கிறது, உங்கள் வீட்டில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற அழைப்புச் செயலிகளுக்கு மட்டுமே அனுமதி. அங்கு எது அனுமதிக்கப்பட்டது என்று மகனிடம் கேட்டு அதையே நீங்களும் நிறுவிக்கொள்ளுங்கள்; ரவுட்டர் காசு மிச்சம்.