உரிந்த கோட்டிங்கைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கொழும்பு மட்டக்குளியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகுகளின் கடல்நீர்ப் பம்புகளுக்குரிய சாஃப்ட் ஸ்லீவ்களுக்கு (சுழலும் தண்டின்மேல் மாட்டும் உறைகளுக்கு) வெளியில் கொடுத்து அலுமினா-டைட்டானியா பிளாஸ்மா கோட்டிங் (செரமிக் பவுடரைச் சுவாலையில் உருக்கி வீசும் பூச்சு) அடிப்பிக்கிறேன். முன்பு நன்றாக உழைத்தது. இப்போது சில மாதங்களிலேயே செதில் செதிலாக உரிகிறது. "செட்டிங் அதேதான், பவுடர் மட்டும் விலை குறைந்தது" என்கிறார் அடிப்பவர். பிழை எங்கே?

பதில்: முதலில் உரிந்த செதில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் கறள் இருந்தால், கோட்டிங்கின் நுண்துளைகள் வழியே உப்புத் தண்ணீர் இரும்புவரை இறங்கியிருக்கிறது. கறளின்றி ஸ்லீவ் பளிச்சென்று தெரிந்தால் சாண்ட் பிளாஸ்டிங் (பூச்சு பிடிக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது) சரியில்லை. அல்லது பிளாஸ்டிங் முடிந்து நெடுநேரம் கழித்து அடித்திருக்கிறார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் அந்தத் தாமதம் ஆகாது. ஸ்லீவிலும் செதிலிலும் செரமிக் ஒட்டியிருந்தால் கோட்டிங் தனக்குள்ளேயே பிளந்திருக்கிறது. அப்போது என் முதல் சந்தேகம் பவுடர்தான்.

பிளாஸ்மாச் சுவாலையின் நடுவில் வெப்பம் 10,000 பாகை செல்சியசையும் தாண்டும். அலுமினா உருக 2,050 பாகை போதும். ஆனாலும் துகள் சுவாலைக்குள் இருப்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். விட்டம் இரட்டித்தால் நிறை எட்டு மடங்காகும். 20 மைக்ரோன் துகளை முழுதாக உருக்கும் செட்டிங்கில் 45 மைக்ரோன் துகளின் உட்பகுதி உருகாமலே வந்து ஒட்டும், சுற்றிலும் இடுக்கு விழும். மிக நுண்ணிய பவுடருக்கோ வேறு தொல்லை: ஈரத்தில் கட்டிபட்டுச் சீராக ஓடாது. திறந்து கிடந்த டின்னைக் காயவைக்காமல் போடவே கூடாது.

விலை குறைவென்றால் தயாரிப்பு முறையையும் கேளுங்கள். சேர்த்து உருக்கி உடைத்த பவுடரில் ஒவ்வொரு துகளிலும் அலுமினாவும் டைட்டானியாவும் இருக்கும். வெறுமனே கலந்ததில் இரண்டும் தனித்தனியே பறக்கும், கோட்டிங்கில் இடத்துக்கிடம் சேர்க்கை மாறும்.

பருமனான பவுடர் என்றால் கரண்டையோ சுவாலைக்கு ஊட்டும் ஐதரசனையோ கூட்டி, பவுடர் ஊட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும். துப்பாக்கிக்கும் ஸ்லீவுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் 100 மில்லிமீற்றரை ஒட்டியிருக்கும். தூரம் கூடினால் துகள் ஆறிப்போகும். குறைந்தால் ஸ்லீவ் சூடேறி கோட்டிங்கில் வெடிப்பு விழும். தேய்ந்ததை நிரப்பத் தடிப்பாக அடிக்கச் சொல்கிறவர்கள் நம்மில் பலர். செரமிக்கில் அது வேண்டாம், 0.3 மில்லிமீற்றர் போதும்.

எவ்வளவு நன்றாக அடித்தாலும் செரமிக்கில் துளை கொஞ்சம் இருக்கவே செய்யும். ஆகவே கடல்நீர் வேலைக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ், அதன்மேல் நிக்கல்-குரோமியம் அடிப்பூச்சு, கடைசியாகத் துளைகளை அடைக்கும் இப்பொக்சி சீலர். அடிப்பூச்சாக நிக்கல்-அலுமினியம் போடுகிறார்கள் என்றால் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரில் அது அரிபடும். சீலரை கிரைண்டிங்குக்கு முன்பே ஊறவிட வேண்டும். காசுக்கு வழியிருந்தால் குரோமியம் ஒட்சைட்டுக்கு மாறுங்கள். அது இன்னும் கடினம், கடல்நீர் ஸ்லீவுக்குப் பொருத்தம். ஆனால் உருக்கக் கூடுதல் வலு வேண்டும், அடிப்பவருக்குப் புகை உறிஞ்சியும் கட்டாயம்.

அடுத்த முறை ஸ்லீவோடு ஒரு துண்டுத் தகட்டிலும் அடித்துத் தரச் சொல்லுங்கள். அதை வெட்டி மெருகேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருகாத துகள் தட்டையாகப் பரவாமல் துகளாகவே தெரியும். அந்தப் படத்தைக் காட்டிப் பேசினால் செட்டிங்கை மாற்றச் சம்மதிப்பார்.