அப்பாவின் கல்லீரல் புற்றுநோய்க்கு மரபணு மாற்றம்தான் காரணம் என்றால், பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர்க்காரர். அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. "மரபணு மாற்றத்தால் வந்தது, வேகமாகப் பரவும் வகை" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் தேவைப்படாது. நான் டாக்டர் இல்லை. பினாங்கில் ஒரு லேபில் பயாப்சித் திசுக்களைப் பதப்படுத்தும் வேலை பார்க்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சொன்ன மாற்றம் அநேகமாகக் கட்டிக்குள் மட்டும் இருப்பது. அப்பா பிறக்கும்போது அது இல்லை, கல்லீரல் செல்களில் பல வருடங்களாகச் சேர்ந்தது. அதனால் பிள்ளைக்குப் போகாது.

மாற்றம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கட்டியின் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. எந்த மரபணுவில் என்று கேட்க வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட கல்லீரல் கட்டிகளில் டெர்ட் என்ற மரபணு விழித்திருக்கும். வளர்ந்தவர்களின் கல்லீரல் செல்லில் அது தூங்க வேண்டியது. விழித்துக்கொண்டால் செல் வயதாகாமல் பிரிந்துகொண்டே இருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் டிஎன்ஏவைச் செருகும் இடங்களில் இதன் பக்கத்து இடமும் ஒன்று. ஆனால் இது ஆரம்பம்தான்.

மூர்க்கம் பெரும்பாலும் டிபி53 என்ற மரபணு கெடும்போது வருகிறது. சேதமான செல்லைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அது போன கட்டிகளில் செல்கள் உருக்குலைந்து கிடக்கும், ரத்தக் குழாய்க்குள் நுழையும், ரத்தத்தில் ஏஎஃப்பி (கல்லீரல் கட்டிகள் பல சுரக்கும் ஒரு புரதம்) அளவும் ஏறியிருக்கும். கூடவே 11ஆம் குரோமோசோமில் எஃப்ஜிஎஃப்19 என்ற மரபணு பல மடங்காகப் பெருகியிருந்தால் இன்னும் மோசம். சிடிஎன்என்பி1 என்ற மரபணு மாறிய கட்டிகள் வேறு மாதிரி. செல்கள் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும், பொதுவாக அவ்வளவு வேகம் இல்லை. இந்த மாற்றமும் டிபி53 மாற்றமும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது குறைவு.

டிபி53 எதனால் கெடுகிறது? பூசணம் பிடித்த கச்சானிலும் (வேர்க்கடலை) சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஒரு காரணம். அந்த மரபணுவின் 249ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிடும். இதை 1991-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. 1988-ல் பேராக்கில் நூடல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தபோது சந்தேகப்பட்டது இதே நஞ்சைத்தான் (அது உடனடி விஷம், புற்றுநோய் இல்லை). வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. வாடை மாறிய கச்சானைத் தூக்கிப் போடுங்கள்.

நாட்டு மருந்து என்று ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது, அது டிஎன்ஏவில் தன் தனி முத்திரையைக் குத்தும். தைவானின் கல்லீரல் கட்டிகள் பலவற்றில் அந்த முத்திரை கிடைத்ததாக 2017-ல் ஆய்வு வந்தது. 'மூலிகைதானே' என்ற பேச்சு எனக்கு எரிச்சல்.

சரி, குடும்பத்தில் ஓடுவது எது? வைரஸ். ஹெபடைடிஸ் பி முக்கியமாகப் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கு அது இருந்தால் அவருடைய உடன்பிறப்புகளுக்கும் இருக்க வாய்ப்புண்டு. மலேசியாவில் 1989 முதல்தான் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடுகிறார்கள். இருப்பது தெரிந்தால் வைரஸை அடக்க டெனோஃபோவிர் போன்ற மாத்திரை உண்டு. தேவைப்படுகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏஎஃப்பியும் பார்ப்பார்கள். பிறவியிலேயே வரும் காரணங்களும் சில உண்டு, இரும்பு சேரும் ஹீமோகுரோமடோசிஸ் மாதிரி. அவை அபூர்வம், அப்பாவுக்கு இருந்தால் டாக்டரே சொல்வார்.

அப்பாவின் கட்டிக்கு மரபணுப் பேனல் டெஸ்ட் (ஒரே நேரத்தில் பல மரபணுக்களைப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னால், "ரிசல்ட் வந்தால் மருந்து மாறுமா?" என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன மரபணுக்களைக் குறிவைத்து இந்தப் புற்றுநோய்க்கு வழக்கத்தில் கொடுக்கும் மருந்து இல்லை. அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து ஜோடியை அந்த ரிசல்ட் இல்லாமலே கொடுக்கிறார்கள். அந்தக் காசைச் செலவழிப்பதற்கு முன்னால் நீங்கள், அம்மா, சித்தப்பா, அத்தை எல்லாரும் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.