புள்ள ரெண்டு மூணு மாசம் ஸ்கூலுக்கு போகலன்னா பேரை எடுத்துடுவாங்களா? உங்க கேள்விங்களுக்கு பதில்

வணக்கம். நான் வேலூர் மாவட்டத்துல கிராமத்து ஸ்கூலுங்கள்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ஹெச்எம்மா ரிட்டையர் ஆனவ. லாங் ஆப்சென்ட் ஆன புள்ளைங்க பத்தி நெறைய பேர் கேட்டுனே இருந்தீங்க, வந்த கேள்விய அப்படியே போட்டு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

அணைக்கட்டு பக்கத்துல இருந்து ஒரு அப்பா: டீச்சர், பொங்கல் முடிஞ்சதும் குடும்பத்தோட திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்கு போய்டுவோம், அட்வான்ஸ் வாங்கியாச்சு. திரும்ப ஆனி ஆயிடும். பெரியவன் நாலாவது, சின்னது ரெண்டாவது. இவ்ளோ நாள் வரலன்னா அந்த சீட்ட வேற புள்ளைக்கு குடுத்துடுவாங்களா?

குடுக்க மாட்டாங்க. மொதல்ல இந்த சீட்டுன்ற பேச்சே நம்ம பஞ்சாயத்து யூனியன் ஸ்கூலுக்கு பொருந்தாதுங்க, அங்க ஒரு புள்ள போனா தான் இன்னொரு புள்ளைக்கு இடம்னு எதுவும் இல்ல. 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கற கல்வி உரிமைச் சட்டத்துல, ஆர்டிஇன்னு சொல்றாங்களே அதுல, 16வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எட்டாவது முடியற வரைக்கும் எந்த புள்ளையையும் ஸ்கூல விட்டு நீக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. அதுவும் இல்லாம ஆகஸ்ட் 1ந் தேதி எத்தன புள்ளைங்கன்ற கணக்க வெச்சு தான் டீச்சர் போஸ்ட்டே முடிவு பண்றாங்க, அதனால கிராமத்து ஸ்கூல்ல எந்த ஹெச்எம்மும் பேரை எடுக்க ஆசப்பட மாட்டாங்க.

நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு. ஒரு வருஷம் ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்து பத்து நாள் ஆயிருக்கும், சூளைல இருந்து வந்த ஒரு பையன் தங்கச்சிய இடுப்புல வெச்சுனு கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்தாண்ட நின்னுனு இருந்தான், உள்ள வாடான்னா வரல, மறுநாளும் அதே மாதிரி. இன்னாடான்னு கிட்ட போய் கேட்டா பேரை அடிச்சிட்டீங்களாமே மிஸ்னு சொல்றான், சூளைல யாரோ பெரியவங்க சொல்லி இருக்காங்க. ரூமுக்கு இட்டுனு போய் பழைய ரெஜிஸ்டர தொறந்து காட்டினேன், தை வரைக்கும் அவன் பேருக்கு நேரா பெருக்கல் குறி, அப்புறம் ஏப்ரல் வரைக்கும் சின்ன ஏ, ஏ, ஏன்னு வரிசையா. விரல வெச்சு அந்த வரி பூரா தடவி பார்த்தான். அப்புறம் புது ரெஜிஸ்டர்ல அஞ்சாங்கிளாஸ்ல எழுதி இருந்த அவன் பேரையும் காட்டினேன், அன்னைக்கே உக்காந்துட்டான். அந்த வேப்ப மரத்தோடயே திரும்பி போன புள்ளைங்க எத்தனையோன்னு நினைச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறல.

அதனால போறதுக்கு முன்ன ஹெச்எம்ம பார்த்து எந்த ஊருக்கு போறீங்க, எப்ப வருவீங்கன்னு சொல்லிடுங்க, புள்ளைங்க எமிஸ் நம்பர, அதாவது ஸ்கூல் கம்ப்யூட்டர் பதிவுல ஒவ்வொரு புள்ளைக்கும் இருக்கற நம்பர, ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. சூளைக்கு பக்கத்துல இருக்கற கவர்மெண்ட் ஸ்கூல்ல போய் கேட்டா சேத்துக்கணும், டீசி கைல இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது, வருஷ நடுவுலன்னும் மறுக்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்கினது நீங்க, புள்ளைங்க இல்ல, அதுங்கள கல்லு திருப்பி வெக்க மட்டும் விடாதீங்க.

காட்பாடில இருந்து ஒரு அக்கா: என் தங்கச்சி நர்ஸ், இங்கிலாந்துல இருக்கா. அவ புள்ள அங்க ஒண்ணாங்கிளாஸ். என் பொண்ணு கல்யாணத்துக்கு ஆறு வாரம் வந்து இருன்னா, ஸ்கூல்ல பேர் போயிடும்னு பயப்படறா. நெஜமா?

நெஜம் தான் மா, அவங்க ஊரு ரூல் நம்ம ஊரு மாதிரி இல்ல. என் அக்கா பொண்ணும் அங்க தான் இருக்கா, அவளுக்காக இத உக்காந்து படிச்சேன். 2024 ஆகஸ்ட்ல இருந்து புது விதிமுறை. பெர்மிஷன் இல்லாம தொடர்ந்து 20 ஸ்கூல் நாள் வரலன்னா பேரை எடுக்கலாம், பெர்மிஷன் வாங்கி போய்ட்டு சொன்ன தேதிக்கு அப்புறம் 10 ஸ்கூல் நாள் வரலன்னாலும் எடுக்கலாம். ஆனா நாள் முடிஞ்சதும் தானா பேர் போயிடாது. ஸ்கூலும் அந்த ஊர் கவுன்சிலும் சேர்ந்து புள்ள எங்கன்னு விசாரிக்கணும், விசாரிச்சும் தெரியலன்னாலோ இல்ல இனிமே இந்த புள்ள வராதுன்னு ரெண்டு பேரும் முடிவுக்கு வந்தாலோ தான் எடுக்க முடியும். உடம்பு சரியில்லாத புள்ளைக்கு இது கிடையாது.

ஆறு வாரம்னா 30 ஸ்கூல் நாள், கணக்கு தாண்டிடுது பாருங்க. ஒண்ணாவதுல ஒரு டீச்சருக்கு 30 புள்ளைங்க தான்னு அங்க சட்டமே இருக்கு, வெயிட்டிங் லிஸ்ட்ல ஆள் இருந்தா பேர் போன மறுநாளே அந்த இடம் நிரம்பிடும், அப்புறம் பஸ் ஏறி போற தூரத்துல எங்க காலியோ அங்க தான். ஃபைன் வேற இருக்கு, பத்து ஸ்கூல் வாரத்துக்குள்ள அஞ்சு நாள் அனுமதி இல்லாம லீவு ஆனாலே போடலாம். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா, ஒரு புள்ளைக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள்ள கட்டலன்னா 160. அக்டோபர் கடைசில அங்க ஒரு வாரம் லீவு வரும், ஐப்பசில முகூர்த்தம் பார்த்தீங்கன்னா ரெண்டு பக்கமும் நிம்மதி. அப்படி முடியலன்னா ரிட்டர்ன் டிக்கெட் தேதிய எழுதி குடுத்துட்டு வரட்டும், இங்க இருக்கும்போது ஸ்கூல்ல இருந்து மெயில் வந்தா அன்னைக்கே பதில் போடச் சொல்லுங்க.

ஆம்பூர்: பையனுக்கு ரத்தத்துல பிரச்சன, அஞ்சு மாசமா ஆஸ்பத்திரியும் வீடுமா இருக்கோம். ஆறாவது, பிரைவேட் ஸ்கூல். அடுத்த மாசம் வரலன்னா சீட் இல்லன்றாங்க.

தம்பி நல்லா ஆகணும், அது தான் மொதல்ல. அந்த 16வது பிரிவு பிரைவேட் ஸ்கூலுக்கும் உண்டு, ஆறாவது புள்ளைய அவங்க நீக்க முடியாது. ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, சிறுபான்மையினர் நடத்தற ஸ்கூலுங்களுக்கு இந்த சட்டம் பொருந்தாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லி இருக்கு, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் அந்த மாதிரி ஸ்கூலுங்க நெறைய, உங்க ஸ்கூல் எதுன்னு தெரிஞ்சிட்டு பேசுங்க. எதுவா இருந்தாலும் வாய்ல சொல்றத விட்டுடுங்க. டாக்டர் சர்டிபிகேட் வெச்சு லீவ் லெட்டர் குடுத்து, இன்னொரு காப்பில சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கோங்க. என் அனுபவத்துல அந்த சீல் கேட்ட உடனே பாதி பேர் பேச்சு மாறிடும்.

குடியாத்தம்: ஆர்டிஇ குலுக்கல்ல, பிரைவேட் ஸ்கூல்ல ஏழை புள்ளைங்களுக்கு ஃபீஸ் இல்லாம குடுக்கற இடம், பாப்பாவுக்கு எல்கேஜி கெடச்சுது. ஊர்ல சாவு, போய் சேக்கறதுக்கு லேட் ஆயிடுச்சு.

சேக்காம இருந்தா உடனே ஓடுங்க. சொன்ன தேதிக்குள்ள சேரலன்னா காத்திருப்போர் பட்டியல்ல அடுத்த புள்ளைக்கு போயிடும், அதுவும் நம்மள மாதிரி ஒரு ஏழை வீட்டு புள்ள தான். சேத்துட்டு அப்புறம் லீவு எடுத்திருந்தா பயப்படாதீங்க, அந்த இடம் எட்டாவது வரைக்கும் பாப்பாவோடது.

பேரணாம்பட்டு: ஃபீஸ் பாக்கின்னு டீசி தரல. மூணு மாசமா பொண்ணு வீட்ல தான் இருக்கா. ஏழாவது.

மூணு மாசமா? நாளைக்கே கவர்மெண்ட் ஸ்கூலுக்கு இட்டுனு போங்க, டீசி இல்லாமலே சேத்துக்கணும். டீசிய பாக்கி வசூல் பண்ற கருவியா வெச்சுக்கக் கூடாதுன்னு 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு. எமிஸ்ல மட்டும் ஒரு சிக்கல் வரும், பழைய ஸ்கூல் பேரை காமன் பூலுக்கு, அதாவது ஸ்கூல் மாறற புள்ளைங்களோட பொது லிஸ்டுக்கு, தள்ளினா தான் புது ஸ்கூல் எடுத்துக்க முடியும். தள்ள மாட்டேன்னா பிஇஓ ஆபீஸ்ல, அதான் வட்டார கல்வி அலுவலர் ஆபீஸ்ல, எழுதி குடுங்க, அதுவரைக்கும் பொண்ணு கிளாஸ்ல உக்காந்துனு இருக்கட்டும்.

பீஞ்சமந்தை மலைல இருந்து: தம்பி பொறந்ததுல இருந்து பொண்ணு வீட்ல கொழந்தைய பார்த்துக்கறா. ஒம்பதாவது, நாலு மாசம் ஆச்சு. இனிமே ஜூன்ல வாங்கன்னு சொல்லிட்டாங்க.

ஜூன் வரைக்கும் நிக்காதீங்க. நான் மலை கிராமத்து புள்ளைங்கள பார்த்தவ, வீட்ல நின்ன பொண்ண அடுத்து கேட்டு வர்றது ஸ்கூல்காரங்க இல்ல, மாப்ள வீட்டுக்காரங்க. ஒம்பதாவது வந்துட்டா எட்டாவது வரைக்கும்ன்ற சட்டம் கைல இல்ல தான், ஆனா கவர்மெண்ட் ஸ்கூல்ல நடுவுல நின்ன புள்ளைய திரும்ப இட்டுனு வர்றதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, வட்டார வளமையத்துல (பிஆர்சின்னு சொல்ற கல்வித்துறை ஆபீஸ்) கேளுங்க. எஸ்எம்சில, அதாவது பெத்தவங்க இருக்கற பள்ளி மேலாண்மைக் குழுல, இருக்கற ஒரு அம்மாவ கூட இட்டுனு போங்க, மறுத்தா அங்கயே நின்னு கல்வித்துறை உதவி நம்பர் 14417க்கு போன் போடுங்க. கல்யாணப் பேச்சு எடுத்துட்டாங்கன்னா புள்ளைங்க உதவி நம்பர் 1098. காலைல பிரேயர் முடியறதுக்குள்ள போய் நில்லுங்க, யூனிபார்ம் சின்னதா போய்ட்டிருந்தா கலர் டிரெஸ்லயே போகட்டும்.