ஆங்கில 'ச்சில்'லும் நம் 'சில்'லும்: கேள்வி பதில்

குளிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ச்சில்' பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: தண்ணீர் 'சில்'லென்று இருக்கிறது என்கிறோம். ஆங்கிலத்திலும் ச்சில். நம்மிடமிருந்து போன சொல்தானே சார்?

பதில்: அப்படி இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இல்லை. நம் 'சில்' உடம்பில் படும் குளிரை ஒலியாகச் சொல்வது. சிலீர், சிலிர்ப்பு எல்லாம் அதே கூட்டம். ஆங்கிலச் சொல்லோ முதலில் 'ச'வில் தொடங்கவே இல்லை. அதன் ஜெர்மானிய மூலம் 'க'வில் தொடங்கியது. கோல்ட், கூல் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். அவற்றில் அந்தக் 'க' இன்னும் இருக்கிறது. ஜெர்மன்காரர் குளிரை இன்றும் 'கால்ட்' என்றுதான் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, 'க' எப்படி 'ச' ஆகும்? நம்பும்படி இல்லையே!

பதில்: உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இ, எ போன்ற உயிர்கள் பின்னால் வந்தால் நாக்கு முன்னுக்கு நகரும், 'க' மெல்ல 'ச'வாகிவிடும். தமிழில் நடந்த அதே வேலை ஆங்கிலத்திலும் தனியாக நடந்தது. ஜெர்மனில் 'கேஸெ', ஆங்கிலத்தில் ச்சீஸ். முகவாய்க்கட்டைக்கு அங்கே 'கின்', இங்கே ச்சின். கூல் என்பதில் வரும் உயிர் 'ஊ'. நாக்கு பின்னாலேயே நின்றுவிட்டது, 'க'வும் தப்பித்தது.

கேள்வி: ஜெல்லிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்தேன். கதையா?

பதில்: கதை இல்லை. லத்தீனில் உறைபனிக்கு 'கெலு' என்று பெயர். உறைந்தது என்ற பொருளில் ஜெல்லி, ஜெலட்டின், இத்தாலிய ஐஸ்கிரீமான ஜெலாட்டோ எல்லாம் அந்த வழியில் வந்தவை. லத்தீனில் அழுத்தி ஒலிக்கும் ககரம் ('காந்தி'யில் வருவது) வருகிற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் சாதாரணக் 'க' வரும். முழங்காலுக்கு லத்தீனில் 'கெனு', ஆங்கிலத்தில் 'நீ'. அந்த 'நீ'யை எழுதும்போது முன்னால் ஒலிக்காத 'கே' ஒன்று நிற்கிறதே, அது இதன் மிச்சம்தான். ஆக ச்சில்லும் ஜெல்லியும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

கேள்வி: மிளகாயைச் சொல்லும் ச்சில்லி?

பதில்: சம்பந்தமே இல்லை. அது மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் "ச்சில் பண்ணுங்கப்பா" என்கிறான் என் மகன். குளிர் எப்படி ஓய்வாச்சு?

பதில்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் 1970களில் வந்த பொருள் அது, ராப் பாட்டுகள் வழியாக உலகமெல்லாம் பரவியது. கோபம் சூடு என்றால் தணிவது குளிர்ச்சிதானே. "சூடாகாதே" என்று நாமும் சொல்கிறோம்.

ஆனால் பழைய ஆங்கில வழக்கில் குளிர் பெரும்பாலும் நல்லதல்ல. கோல்டான ஆள் என்றால் பாசமில்லாதவர். சட்டத்தில் 'ச்சில்லிங் எஃபெக்ட்' என்று ஒன்று உண்டு: வழக்கு வரும் முன்பே, வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஜனங்கள் வாயை மூடிக்கொள்வது. அமெரிக்காவில் பேச்சுரிமை வழக்குகளில் அடிக்கடி அடிபடும் தொடர். நமக்கோ கண் குளிரும், மனம் குளிரும், வயிறு குளிரும். வெயில் ஊர்க்காரர்கள் அல்லவா! அதனால் பையனின் 'ச்சில்' நம் காதுக்கு அவ்வளவு அந்நியமாகப் படக்கூடாது. எரிச்சலாக இருக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். வெப்பமானி மைனஸ் 10 காட்டுகிறது, வானிலை அறிக்கையில் 'விண்ட் ச்சில்' மைனஸ் 20. எது உண்மை?

பதில்: இரண்டும். முதலாவது காற்றின் வெப்பநிலை, 'விண்ட் ச்சில்' என்பது காற்றடிக்கும்போது உடம்பு உணரும் குளிர். காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் உங்கள் கணக்கு சரியாக வரும். தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பைக் காற்று அள்ளிக்கொண்டு போவதால் உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கிறது. இதை அளந்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல். அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரைத் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். சைப்பிள் முதன்முதலில் 1928இல் அங்கே போனது சாரணர் பையனாக! இப்போதுள்ள கணக்கு 2001இல் திருத்தியது. தண்ணீருக்குப் பதில் மனித முகத்தை வைத்துச் செய்தது.

ஒன்று மட்டும்: உயிரில்லாத பொருளுக்கு இது பொருந்தாது. வெளியே பிளஸ் 1 என்றால், 'விண்ட் ச்சில்' மைனஸ் 5 என்று காட்டினாலும் வாளித் தண்ணீர் காற்றால் உறைந்துவிடாது. உங்கள் காது மட்டும்தான் விறைக்கும், குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.