முதலில் கண்ணைக் கசக்குவதை நிறுத்துங்கள், தம்பி

சித்தப்பாவைப் பற்றிய வரியைக் கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கும் கீழே எழுதியிருக்கிறீர்கள். மூன்று பக்கக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். “என் சித்தப்பாவுக்கு 28 வயதில் கருவிழியை மாற்றினார்கள். எனக்கும் அப்படி ஆகிவிடுமா, டாக்டர்?”

ஆகாமல் பார்த்துக்கொள்ள நிறைய வழி இருக்கிறது. ஆனால் போலீஸ் தேர்வுக்காக அடுத்த மாதம் சென்னைக்குப் போய், கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறீர்களே, அதை இன்றைக்கே நிறுத்திவையுங்கள். முன்பணம் கட்டியாகிவிட்டதாம். திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இமை துடிப்பது தூக்கம் போதாததால், தானாக நிற்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணுக்குள் மிதக்கும் நூலிழைகளை மறந்துவிடுங்கள், கிட்டப்பார்வைக்காரர்கள் பலருக்கும் அவை உண்டு. (திடீரென்று கொசுக்கூட்டம் போலப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.) கைபேசியில் வண்ணப் புள்ளித் தேர்வு செய்து மூன்று தவறியதால் நிறக்குருடு என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இரவு பதினொரு மணிக்கு, திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எனக்கும் மூன்று தவறும். அந்தத் தேர்வு அச்சிட்ட அட்டையில், பகல் வெளிச்சத்தில் செய்வது.

பார்வை அளவு ஒரு சீட்டில் 5/10, இன்னொரு சீட்டில் 6/12 என்று இருப்பதைப் பார்த்துக் கண் இரண்டு விதமாகக் கெட்டுவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். பிரான்ஸில் படித்துவிட்டு வந்தவர் பத்துக்கு எத்தனை என்று எழுதுவார். இந்தியாவிலோ பிரிட்டனிலோ படித்தவர் ஆறு மீட்டர் கணக்கில் எழுதுவார். மொரீசியஸில் பிறந்த நோயாளிக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

இணையத்தில் பார்த்து விடியற்காலைச் சூரியனை உற்றுப் பார்க்கும் பயிற்சி செய்கிறீர்களாம், பவர் குறைவதற்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நீங்கள் சூரியனைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோனால் அதற்குக் கண்ணாடியும் இல்லை, லேசரும் இல்லை. நாளை காலை அந்த நேரத்தில் தூங்குங்கள், இமைத் துடிப்பும் நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய மூன்று கண்ணாடிச் சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். 18 வயதில் வலது கண்ணின் சிலிண்டர், அதாவது கருவிழியின் கோணலைச் சரிசெய்யும் பவர், 1.25. பத்தொன்பதரை வயதில் 2.50. இப்போது, 21-ல், 4.00. அந்தக் கோணலின் திசையைச் சொல்லும் அச்சும் ஒவ்வொரு முறையும் நகர்ந்திருக்கிறது. இடது கண் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. புதுக் கண்ணாடி போட்டும் வலது கண் 6/12-ஐத் தாண்டவில்லை. “வளர்கிற வயது, பவர் ஏறத்தான் செய்யும்” என்று சொல்லிக் கண்ணாடிக் கடைக்காரர் மூன்றாவது கண்ணாடியையும் விற்றுவிட்டார். கிட்டப்பார்வை வளர்கிற வயதில் ஏறும், உண்மை. ஒரே கண்ணில் சிலிண்டர் மட்டும் இப்படித் தாவித் தாவி ஏறினால் அதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது.

கடிதத்தின் வெவ்வேறு மூலைகளில் நீங்கள் சிதறவிட்ட மூன்று செய்திகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் கண் அரிக்கிறது, விரல் முட்டியை வைத்துச் சுகமாகக் கசக்குகிறீர்கள். தைப்பூசக் காவடி முடிந்து இரவு வீடு திரும்பும்போது தெருவிளக்குகளுக்குக் கீழ்நோக்கி வால் முளைத்திருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு ரூபாய்த் தாளைப் பார்த்தால் அதிலுள்ள தமிழ் எழுத்துகளுக்கு அடியில் நிழல் எழுத்து தெரிகிறது. ஒரு கண்ணை மூடியபின் இரட்டை மறைந்துவிட்டால் கோளாறு இரு கண்களும் ஒன்றாக நகர்வதில் இருக்கிறது. மூடிய பிறகும் நிழல் நிற்கிறதென்றால் கோளாறு திறந்திருக்கும் அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பழைய காலண்டர் அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். இடது கண்ணை மூடி, கண்ணாடி போட்ட வலது கண்ணால் துளை வழியாகத் தூரத்திலுள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து துலங்கி நிழல் மறைந்தால் நரம்பும் விழித்திரையும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஒளியை உள்ளே வாங்கும் முன்புறம்தான் கோணியிருக்கிறது. இது பரிசோதனைக்குப் பதில் அல்ல. மருத்துவரைப் பார்க்கும் நாள் வரைக்கும் உங்களைச் சும்மா வைத்திருக்க ஒரு வேலை.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது ஜோசியம். ஆனால் என் சந்தேகத்தை மறைக்கமாட்டேன்: கூம்புக் கருவிழி, மருத்துவர்கள் கெரட்டோகோனஸ் என்பது. கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் உள்ள, அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிப்புள்ள கண்ணாடிக் கிண்ணம். இந்த நோயில் அது ஓரிடத்தில் மெலிந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தால் முன்னோக்கிப் புடைக்கிறது. சைக்கிள் டியூபில் நைந்த இடம் காற்றடித்ததும் புடைக்குமே, அப்படி. பதின்ம வயதில் தொடங்கும், இருபதுகளில் ஓடும், நாற்பதை நெருங்கும்போது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். கசக்கும் பழக்கம் அதை விரட்டி விரட்டி ஓட வைக்கும்.

லேசர் என்ன செய்கிறது? கருவிழியைச் செதுக்கி மெலிதாக்கித்தான் பவரைக் குறைக்கிறது. மேலே 100 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் ஒரு மடல் வெட்டித் தூக்கி, கீழே ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 15 மைக்ரான் எடுக்கிறார்கள். 540 மைக்ரான் உள்ள நல்ல கருவிழி இதைத் தாங்கும். நைந்த டியூபைச் சுரண்டினால்?

என்னிடம் வந்த ஓர் இளைஞன் இப்படித்தான் வெளிநாடு போய்ச் செய்துகொண்டான். ஒன்றரை வருடம் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக இருந்தான். பிறகு மாதத்துக்கு மாதம் பார்வை கலங்கி, ஒரு நாள் என் முன்னால் உட்கார்ந்து, சுவரிலுள்ள அட்டையின் முதல் எழுத்தைப் படிக்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். சாய்த்தால் கிடைக்கும் என்று யார் சொன்னார்களோ. நல்ல மருத்துவமனை எதுவும் கருவிழி வரைபடம் (கருவிழியின் வடிவத்தைக் காட்டும் படம்) எடுக்காமல் லேசரைத் தொடாது. சென்னையிலும் எடுத்துப் பார்த்து உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே விலை சொல்லி நாளும் குறித்துக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் இடிக்கிறது.

இனி சித்தப்பா. அவருக்கு 2001-ல் அறுவை நடந்தது என்கிறீர்கள். அப்போது மருத்துவர்கள் கையில் பெரும்பாலும் இருந்தவை கெட்டியான கான்டாக்ட் லென்ஸும், அதுவும் முடியாதபோது யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியும்தான். நோயை நடுவழியில் நிறுத்தும் சிகிச்சையை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளுக்குச் செய்து பார்த்த முடிவு அச்சில் வந்ததே 2003-ல். கிராஸ் லிங்க்கிங் என்று பெயர். ரிபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் சொட்டை அரை மணி நேரம் கண்ணில் விட்டு, பிறகு புற ஊதா ஒளியைக் கருவிழிமீது பாய்ச்சுகிறார்கள். உள்ளே இழைகளுக்கிடையே புதிய முடிச்சுகள் விழுந்து கருவிழி விறைக்கிறது. சில நாள் கண் எரியும், நீர் கொட்டும். புடைத்தது பழையபடி திரும்பாது. மேலும் புடைப்பது பெரும்பாலானோருக்கு நின்றுவிடும். ஆகவேதான் நேரம் முக்கியம். மெலிந்து போய் 400 மைக்ரானுக்குக் கீழே இறங்கிய கருவிழிக்கு இந்தச் சிகிச்சையை வழக்கமான முறையில் செய்வது கடினம். சித்தப்பாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அதை லேசரில் செதுக்கி எறியாதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இந்த நோயால் கண் முழுவதுமாக இருண்டு போவதில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அரிப்பு ‘மந்திரம் போட்டது போல’ நின்றதாம். நிற்காமல் என்ன செய்யும், அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. நான்கு மாதமாக விடுகிறீர்கள். ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் விட்டால் மூவரில் ஒருவருக்காவது கண்ணின் உள்ளழுத்தம் ஓரளவு ஏறும். வலிக்காது, சிவக்காது. நரம்பு தேய்ந்த பிறகுதான் தெரியும். கண்புரையும் இளவயதிலேயே வரலாம். அடுத்த புட்டியை வாங்காதீர்கள். இருக்கிற புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, கண்ணழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமைச் சொட்டுகள் இருக்கின்றன, அவர்களே எழுதித் தருவார்கள். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் வையுங்கள். கை மட்டும் கண்ணுக்குப் போகக் கூடாது.

போலீஸ் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. சீருடைப் படைகளுக்கான சேவை ஆணையம் வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்பையும் அவர்களுடைய மருத்துவக் குழுவையும்தான் கேட்க வேண்டும். நண்பனின் அண்ணன் சொன்னான், கராத்தே வகுப்பில் சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அறிவிப்பை நீங்களே படியுங்கள். பல நாடுகளில் இரண்டு அளவுகள் கேட்பார்கள்: கண்ணாடி போட்டு எவ்வளவு, போடாமல் எவ்வளவு. இரண்டாவது எதற்கென்றால், இரவில் ஒருவனைத் துரத்தும்போது முதலில் கீழே விழுவது கண்ணாடிதான். பிரிட்டனில் உள்துறை 2004-ல் போலீஸ் ஆள்சேர்ப்புக்கு வெளியிட்ட தரத்தில், லேசர் செய்துகொண்டவரை ஆறு வாரம் கழித்து, பின்விளைவு இல்லையென்றால் ஏற்றார்கள். கருவிழி மாற்றியவரை ஏற்கவில்லை. அது நம் ஊர்ச் சட்டம் அல்ல. ஆனால் தேர்வுக்காக லேசருக்கு அவசரப்பட்டு, அதனால் கருவிழி மாற்றும் நிலைக்குப் போனால் கணக்கு எங்கே போய் முடியும் என்று பாருங்கள்.

எழுத்து அட்டையின் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சொன்னீர்களா, மனம் உறுத்திச் சொன்னீர்களா தெரியவில்லை. அட்டைகள் ஒன்றுக்கு மேல் உண்டு என்பது ஒரு பக்கம். தேர்வில் ஏமாற்றிச் சீருடையை வாங்கிக்கொண்டு, போர்ட் லூயி சந்தில் எதிரே நிற்பவன் கையில் இருப்பது கத்தியா கைபேசியா என்று தெரியாமல் நிற்கப்போவது யார்? சட்டத்தைக் காக்கும் வேலைக்குப் போகிறவர் வாசலிலேயே பொய் சொல்லி நுழையலாமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கூம்பு என்று உறுதியாகி, சிகிச்சையால் நின்றும்விட்டால், கெட்டியான லென்ஸோ வெண்விழியில் தங்கும் பெரிய லென்ஸோ போட்டு 6/6 படிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பார்வையை மருத்துவக் குழு ஏற்குமா என்பதை அறிக்கையோடு போய், மறைக்காமல் கேளுங்கள். ஏற்கவில்லையென்றால் மனம் கசந்துபோகும், சந்தேகமில்லை. ஆனால் குற்றத்தைப் பிடிக்க ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2007-ல் பெல்ஜியம் போலீஸ், ஒட்டுக்கேட்ட உரையாடல் பதிவுகளைக் கேட்டுத் துப்பறியப் பார்வையற்றவர்களையே வேலைக்கு எடுத்தது. பேசுகிறவரின் உச்சரிப்பு எந்த நாட்டது, பின்னால் கேட்கும் சத்தம் எதனுடையது என்று காதால் பிரித்துச் சொல்லத்தான். இங்கே அப்படி ஒரு பதவி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சீருடை கிடைக்காவிட்டால் வாழ்க்கையே இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்களே, அதற்காகச் சொன்னேன்.

இந்த வாரமே மோக்காவில் பாரதியார் பெயரில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று சீட்டுகள், சொட்டுப் புட்டி இரண்டும் கையில் இருக்கட்டும். “என் சிலிண்டர் மூன்று வருடத்தில் 1.25-லிருந்து 4.00 ஆகியிருக்கிறது, சித்தப்பாவுக்குக் கருவிழி மாற்றியிருக்கிறார்கள், எனக்குக் கருவிழி வரைபடம் எடுக்க வேண்டும்” என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். இமைத் துடிப்பில் தொடங்காதீர்கள், மருத்துவரின் கவனம் அங்கேயே நின்றுவிடும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் இருந்தால் இன்றே கழற்றி வையுங்கள், போட்டுக்கொண்டே போனால் வரைபடம் பொய் சொல்லும். வரைபடம் இரண்டு கண்ணுக்கும் வேண்டும். ‘நல்ல’ கண்ணிலும் இந்த நோய் சத்தமில்லாமல் இருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் ஒரு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து எடுப்பதை இதோடு ஒப்பிட வேண்டும்.

பதினான்கு வயதுத் தங்கையும் உங்களைப் போலவே கண்ணைக் கசக்குகிறாள், அம்மா அதட்டிக்கொண்டே இருக்கிறார் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.