பெசன்ட் நகர் மீனவக் கிராமமாக இருந்ததா?

ஆமாம். ஒரு திருத்தம்: கிராமம் காணாமல் போகவில்லை, அதைச் சுற்றி நகரம் வளர்ந்தது. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இன்றும் இருக்கின்றன. 1882-இல் பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) அடையாற்றில் தோட்டம் வாங்கியபோது இது சென்னைக்கு வெளியே கிடந்த கரை. சபையின் நிறுவனர்களில் ஒருவரான ஆல்காட்டின் பெயரே குப்பத்துக்கும் வந்தது. 1970-களில் வீட்டுவசதி வாரியம் மனைகளும் குடியிருப்புகளும் அமைத்தது. சபையின் பின்னாள் தலைவர் அன்னி பெசன்ட் பெயரில் நகர் உருவானது. வேளாங்கண்ணி தேவாலயமும் அஷ்டலட்சுமி கோயிலும் எழுந்ததும் அப்போதுதான்.

ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போக ஒரு பாலம் இருந்தது. 1970-களில் வெள்ளம் அதை உடைத்தது. திரும்பக் கட்டவே இல்லை. இப்போது அங்கே புகைப்படம் எடுக்கிறார்கள்!

கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. காலையில் படகு கரையேறியதும் வலையிலிருந்து மீனைக் கழற்றுகிறார்கள், பெண்கள் சாலையோரம் கூறுகட்டி விற்கிறார்கள். வலை உலர்த்தவும் படகு நிறுத்தவும் மணல் வேண்டும். வீட்டு விலையைவிட அந்த மணல் யாருக்கு என்பதுதான் அங்கே பெரிய பிரச்சினை.