கேப் கிழங்குப் பூக்கள்: தண்ணியும் மகரந்தமும்

கேள்வி: லண்டன்ல வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு க்ரீன்ஹவுஸ் போட்டிருக்கோம். நெரைனி சார்னியென்சிஸ்னு ஒரு பூச்செடியோட கிழங்கு வாங்கி தொட்டில வச்சேன், வெயில் காலம் வந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகி விழுந்துருச்சு. தினமும் தண்ணி ஊத்துறேன், துளிர்க்கவே இல்ல. செத்துப்போச்சா?

பதில்: கிழங்கை விரலால அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா உயிரோட தான் இருக்கு, கொழகொழன்னு இருந்தா தான் கவலைப்படணும். இதோட சொந்த ஊரு தென்னாப்பிரிக்காவுல மேற்கு கேப், கேப்டவுன் டேபிள் மலைல பாறை இடுக்குல எல்லாம் வளரும். அங்க மழை குளிர்காலத்துல தான், கோடை காஞ்சு கிடக்கும். அதனால இது இலை விடுறது குளிர்ல, ஓய்வு எடுக்குறது வெயில்ல. ஜூன் ஜூலைல நீங்க ஊத்துற தண்ணி வேரை அழுக வைக்கத்தான் உதவும், இன்னைக்கே நிறுத்திட்டு நல்லா வெயில் படுற தட்டுல தொட்டியை காய விடுங்க. செப்டம்பர் வாக்குல கிழங்கோட கழுத்துல இருந்து பூத்தண்டு எட்டிப் பாக்கும், அப்போ தண்ணி ஆரம்பிச்சு இலை பழுக்குற வரைக்கும் குடுங்க. கழுத்து மண்ணுக்கு வெளிய தெரியணும், உரம் ரொம்ப கம்மியா போதும், தொட்டிக்குள்ள இடம் நெருக்கமா இருந்தா அதுக்கு சந்தோஷம், சும்மா சும்மா மாத்தாதீங்க. குளிர்காலத்துல உறைபனி இலையைத் தொடாம பாத்துக்கிட்டா போதும், ஹீட்டரை அதிகமா ஏத்த வேண்டாம், வெயில் அடிக்கிற நாள்ல ஜன்னலைத் திறந்து விடுங்க.

ஆனா தென்னாப்பிரிக்கா கிழங்கு எல்லாத்துக்கும் இதே கணக்கு போட்றாதீங்க. இதே குடும்பத்து நெரைனி பௌடெனி தென்னாப்பிரிக்காவோட கிழக்குப் பக்கத்துல, கோடை மழை பெய்யுற இடத்துல இருந்து வந்தது, அதுக்கு வெயில் காலத்துல தண்ணி வேணும், இங்கிலாந்துல வெளிய தோட்டத்துலயே நிக்கும். கிழங்கு வாங்கும்போதே அது எந்த மழையில வளர்ந்ததுன்னு கேட்டுக்கோங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

கேள்வி: வேற வேற கலர் நெரைனிய நானே கலந்து புது ரகம் உண்டாக்க முடியுமா?

பதில்: தாராளமா! இங்கிலாந்துல எக்ஸ்பரி தோட்டத்தோட சொந்தக்காரர் லயனல் டி ராத்சைல்ட் இதத்தான் செஞ்சாரு, அவரு 1942ல இறந்த பிறகு அந்தக் கிழங்குகள் பின்னாடி சுவிட்சர்லாந்துல சர் பீட்டர் ஸ்மிதர்ஸ்ங்கிற தோட்டப் பிரியர்கிட்ட போய், அவரும் கலந்து வளர்த்து, கடைசில எக்ஸ்பரிக்கே திரும்பி வந்துச்சு. இதழை வெயில்ல சாய்ச்சுப் பாத்தா தங்கப்பொடி தூவின மாதிரி மினுக்கும், அந்த மினுக்கு தான் இவங்க எல்லாரையும் புடிச்சு வச்சது.

வேலை இப்படி. தாய்ப் பூ விரியும்போதே, மகரந்தப்பை வெடிக்கிறதுக்கு முன்னாடி, ட்வீசரால அத்தனையையும் கிள்ளி எடுத்துருங்க. சில நாள் கழிச்சு சூல்முடியோட (பூ நடுவுல மகரந்தத்தை வாங்கிக்கிற பாகம்) நுனி மூணா பிரியும், அப்போதான் அது தயார். அப்பன் செடியோட மகரந்தப்பைய அப்படியே புடிச்சு அது மேல தேய்ங்க, பிரஷ் வேண்டாம், பிரஷ்ல பழைய மகரந்தம் ஒட்டிக்கிட்டு வரும். ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கலன்னா மகரந்தத்தை சிலிக்கா ஜெல் போட்ட சின்ன டப்பால ஃப்ரிட்ஜ்ல வைங்க. உடனே லேபிள் கட்டுங்க, தாய் பேரு முதல்ல, அப்புறம் அப்பன் பேரு, தேதி. லேபிள் இல்லாத விதைய வச்சு அடுத்த தலைமுறைக்கு எதுவும் திட்டம் போட முடியாது.

விதை மிளகு சைஸ்ல பச்சையா சதைப்பத்தா இருக்கும், சில சமயம் தண்டுல இருக்கும்போதே முளை விட்ரும். காய வச்சு எடுத்து வைக்கிற விதை இல்ல இது, உதிர்ந்த உடனே மணல் கலந்த மண்ணு மேல லேசா அமுக்கி விடுங்க, மூடக்கூடாது. முதல் கோடையில குட்டிங்க இலை பச்சையா இருக்கிற வரைக்கும் லேசா ஈரம் குடுங்க. பூ பாக்க மூணுல இருந்து அஞ்சு வருஷம் ஆகும். வந்ததுல முக்கால்வாசி தாயை விட சுமாரா தான் இருக்கும், அதெல்லாம் மனசு கல்லாக்கி ஒதுக்கிட்டு நல்லதை மட்டும் வச்சுக்கோங்க, இல்லன்னா இடமே பத்தாது.

கேள்வி: ஒரு கிழங்கு மட்டும் விதையே புடிக்க மாட்டேங்குது, ஏன்?

பதில்: அதோட மகரந்தத்தையே அதுக்கு போட்டிருந்தா வேற செடியோடத போட்டுப் பாருங்க, சார்னியென்சிஸ் பொதுவா தன்னோடத ஏத்துக்காது. அப்பவும் வரலன்னா ட்ரிப்ளாய்டா இருக்கலாம், 22க்கு பதிலா 33 குரோமோசோம் இருக்கிற ரகம், பூ அழகா இருக்கும், விதை மட்டும் எதிர்பாக்காதீங்க.

கேள்வி: இலையில மஞ்சள் கோடு கோடா இருக்கு, மருந்து ஏதாவது?

பதில்: வைரஸா இருந்தா மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி மூலமா மத்ததுக்கும் பரவும், தனியா எடுத்து வச்சுப் பாருங்க, அடுத்த சீசன்லயும் அதே கோடு வந்தா தூக்கிப் போட்ருங்க.